மியாட்டா 1.8, 5 கியர்: 4.10 டிஃப்பிலிருந்து 4.30-க்குப் போகலாமா?

வளைவுநேரம் கேட்டது:

கார் 1995 மாஸ்டா மியாட்டா. 1.8 எஞ்சின், 5 கியர், டார்சன் டிஃப் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல்; ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு இழுவை தரும் வகை), கம்பெனி கொடுத்த 4.10 ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று). டயர் 195/50 ஆர்15. எஞ்சினில் கை வைக்கவில்லை, ரெட்லைன் (எஞ்சின் சுற்றின் மேல் வரம்பு) 7,000 ஆர்பிஎம். ஒன்டாரியோவில் ஓடும் வண்டி, அடியில் துரு ஓரளவு இருக்கிறது.

உபயோகம் இரண்டு. மாதத்துக்கு இரண்டு ஆட்டோகிராஸ் (மைதானத்தில் கூம்புகள் வைத்து, நேரம் அளந்து ஓட்டும் போட்டி), வார நாட்களில் ஹைவேயில் தினம் 60 கி.மீ. ஆட்டோகிராஸில் கிளம்பியதும் இரண்டாவது கியர் போட்டால் கடைசிவரை அதே கியர்தான். மெதுவான வளைவுகளில் வேகம் 45 கி.மீ. வரை இறங்குகிறது, அங்கிருந்து எடுக்கும்போது எஞ்சின் மந்தமாக இருக்கிறது. நேர்ப்பகுதியின் முடிவில் பெரும்பாலும் 85–90 வரும். இரண்டு மைதானங்களில் மட்டும் 95-ஐத் தாண்டப் பார்க்கிறது.

கையில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, என்பி (இரண்டாம் தலைமுறை மியாட்டா) மாடல் 5 கியர் காரிலிருந்து கழற்றிய 4.30 டிஃப், முழு ஹவுசிங்கோடு, டார்சன். இன்னொன்று, புதிய 4.778 கிரவுன் பினியன் செட் (டிஃப்புக்குள் ரேஷியோவைத் தீர்மானிக்கும் பல்சக்கர ஜோடி).

கேள்விகள்: வளைவிலிருந்து பிக்கப் வேண்டும் என்றால் எதை எடுப்பது? முழு டிஃப்பாக மாற்றுவது நல்லதா, செட்டை என் ஹவுசிங்கில் போடுவது நல்லதா? ஸ்பீடோமீட்டர் என்ன ஆகும்?

---

இரண்டாம்கியர்:

வாங்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் கணக்குப் போடுங்கள். சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்:

வேகம் (கி.மீ./மணி) = ஆர்பிஎம் × 0.06 × டயர் சுற்றளவு (மீட்டர்) ÷ (கியர் ரேஷியோ × டிஃப் ரேஷியோ)

195/50 ஆர்15 டயரின் விட்டம் 576 மி.மீ., சுற்றளவு 1.81 மீட்டர். வண்டியின் பாரம் இறங்கும்போது டயர் கொஞ்சம் அமுங்கும், அதனால் உருளும் சுற்றளவு இரண்டு மூன்று சதவீதம் குறைவு. 1.77 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் 5 கியர் பெட்டியின் ரேஷியோக்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814.

இரண்டாவது கியரில் 7,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் வேகமும், ஐந்தாவதில் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சுற்றும் அளவும்:

3.909 என்றால் 101 கி.மீ., 3,000 ஆர்பிஎம்
4.10 என்றால் 96 கி.மீ., 3,140 ஆர்பிஎம்
4.30 என்றால் 92 கி.மீ., 3,300 ஆர்பிஎம்
4.778 என்றால் 82 கி.மீ., 3,660 ஆர்பிஎம்

4.778-ஐ இப்போதே மறந்துவிடலாம். நீங்களே 85–90 வரும் என்கிறீர்கள், அந்த செட்டில் 82-லேயே ரெட்லைன். ஒவ்வொரு ஓட்டத்திலும் குறைந்தது இரண்டு முறை மூன்றாவதுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஹைவேயில் 115-ல் போனால் எஞ்சின் 4,200-ல் கத்திக்கொண்டே வரும்.

இனி 4.30. 4.10-க்கும் 4.30-க்கும் உள்ள வித்தியாசம் 4.9 சதவீதம். 45 கி.மீ. வேகத்தில் இப்போது உங்கள் எஞ்சின் 3,280-ல் இருக்கிறது, 4.30 போட்டால் 3,440. கூடுவது 160 ஆர்பிஎம். இந்த எஞ்சினின் உச்ச டார்க் (முறுக்குவிசை) 5,000-ல், உச்ச பவர் 6,500-ல். 3,280-ல் மந்தமாக இருப்பது 3,440-லும் மந்தமாகத்தான் இருக்கும். சக்கரத்தில் இழுவை 5 சதவீதம் கூடும், அது உண்மை, சீட்டில் உட்கார்ந்தபடியே உணரவும் முடியும். ஆனால் அதே வளைவில் 45-க்குப் பதில் 48-ல் வெளியே வந்தால், டிஃப்பைத் தொடாமலே எஞ்சின் 3,500-ல் இருக்கும்.

இப்போது எதிர்ப்பக்கம். 92-க்கும் 96-க்கும் நடுவே 4.10 கார் இன்னும் இரண்டாவதில் இழுத்துக்கொண்டிருக்கும், 4.30 கார் மூன்றாவதுக்குப் போயிருக்கும். 94 கி.மீ.யில் பாருங்கள். 4.10-ல் எஞ்சின் 6,850-ல், டார்க் விழுந்து 130 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால், டயர் தரையில் தள்ளும் விசை சுமார் 3,570 நியூட்டன். 4.30 காரில் மூன்றாவது கியர், எஞ்சின் 5,060-ல், உச்ச டார்க் 149 முழுசாகக் கிடைத்தும் விசை 3,020 மட்டுமே. டார்க் கூடுதல், தள்ளுவது குறைவு. இதோடு கியர் மாற்றும் நேரம் போகும்போது ஒரு முறை, பிரேக் பிடித்து இறக்கும்போது ஒரு முறை.

டிஃப் பவரை உண்டாக்காது. எந்த வேகத்தில் எஞ்சின் அதன் நல்ல பகுதியில் இருக்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அந்த வேகங்களை அளந்துவிட்டு வாருங்கள். ஃபோனில் ஜிபிஎஸ் லாகர் (வேகத்தைப் பதிவு செய்யும் ஆப்) போதும். நான்கைந்து ஓட்டங்களில் 90-க்கு மேல் எத்தனை வினாடி, 50-க்குக் கீழே எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். எந்த மைதானத்திலும் 88-ஐத் தாண்டவில்லை என்றால் 4.30 சரியான தேர்வு. இரண்டு மைதானங்களில் 95-ஐத் தாண்டப் பார்க்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், இப்போதைக்கு 4.10-ஐ விடாதீர்கள் என்பேன்.

முதல் கியருக்கு இறக்கினால் என்ன என்று தோன்றலாம். 4.10-ல் முதல் கியர் 58 வரை ஓடும், 45-ல் 5,450 ஆர்பிஎம். நடைமுறையில் வளைவு நடுவே முதல் கியருக்கு இறக்கினால் பின்சக்கரம் ஒரு குலுக்குக் குலுக்கும், சின்க்ரோவும் (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்படுத்தும் வளையம்) தேயும், பத்து மீட்டரில் மறுபடி இரண்டாவது போட வேண்டும். லாபம் இல்லை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள்: உங்கள் கிளப் எந்த விதிகளைப் பின்பற்றுகிறது? எஸ்சிசிஏ என்ற அமெரிக்க கார் பந்தய அமைப்பின் ஸ்ட்ரீட் வகுப்புகளில் அந்த ஆண்டு காருக்குக் கம்பெனி கொடுத்த ரேஷியோவே இருக்க வேண்டும். மாற்றினால் வேறு வகுப்பு, எதிரே நிற்கும் கார்களும் வேறு.

---

ஷிம்தட்டு:

மேலே போட்ட கணக்கு சரி. டயரையும் அதே கணக்கில் சேர்க்கணும், நிறைய பேர் இதைக் கோட்டை விடுறாங்க. 205/50 ஆர்15-க்கு விட்டம் 586 மி.மீ. அதைப் போட்டா 4.30 டிஃப் உங்க பழைய டயர்ல 4.23 போட்ட மாதிரி ஆகிடும், இரண்டாவது கியர் 93 வரை ஓடும். 205/45 ஆர்16-க்குப் போனா 591 மி.மீ., இன்னும் இழுவை போகும். டிஃப் மாத்தி வாங்கின 5 சதவீதத்துல பாதியை ஒரு செட் டயர் தின்னுடும். அடுத்த வருஷம் என்ன டயர் போடப்போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு டிஃப்புக்கு வாங்க.

வேலை விஷயம். நீங்க எதை எடுத்தாலும் முழு டிஃப்பா எடுங்க. கிரவுன் பினியன் செட்டை வீட்டுல போடுறது ஸ்பானர் வேலை கிடையாது, அளவு வேலை. டயல் கேஜ், இன்ச்-பவுண்டு அளவுல காட்டுற டார்க் ரெஞ்ச், பேரிங் புல்லர், பிரஸ், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ற மெல்லிய தட்டு) வகைகள், மார்க்கிங் பேஸ்ட் எல்லாம் வேணும். முழு டிஃப் மாத்துறது ஒரு நாள் வேலை.

பழைய டிஃப் வாங்கும்போது ரேஷியோவைக் கண்ணால எண்ணிட்டு வாங்குங்க, ஸ்டிக்கரை நம்பாதீங்க. பல் கணக்கு இப்படி: 4.30-க்கு கிரவுன்ல 43, பினியன்ல 10. 4.10-க்கு 41/10. 3.909-க்கு 43/11. 3.636-க்கு 40/11. 4.778-க்கு 43/9. ஹவுசிங் மூடியிருந்தா இரண்டு பக்க அவுட்புட்டையும் ஒருத்தர் ஒரே வேகத்துல சேர்த்துச் சுத்தணும், இன்னொருத்தர் பினியன் ஃப்ளாஞ்சுல சாக்பீஸ் கோடு போட்டு எண்ணணும். அவுட்புட் 10 சுத்து சுத்தினா பினியன் 41-ஆ 43-ஆ. ஒரே ஒரு சுத்து சுத்திப் பார்த்தா 4.1-க்கும் 4.3-க்கும் வித்தியாசம் தெரியாது, பத்து சுத்து சுத்துங்க.

அடுத்து ட்ரெயின் போல்ட்டைக் கழட்டி அதுல இருக்கிற காந்தத்தைப் பாருங்க. சாம்பல் நிறத்துல மை மாதிரி ஒட்டியிருந்தா அது இயல்பு. விரல்ல தேய்ச்சா நெருடுற துகள், ஊசி மாதிரி இரும்புச் செதில் இருந்தா வேண்டாம். பினியன் ஃப்ளாஞ்சைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுங்க. அந்தத் திசையில துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. சுத்துற திசையில லேசா ஒரு டிக் இருக்கும், அது பேக்லாஷ் (பல்லுக்குப் பல் இருக்கிற இடைவெளி), அது இருக்கணும்.

1.6 எஞ்சின் என்ஏ (முதல் தலைமுறை மியாட்டா) காரோட டிஃப் (1990–93) உங்களுக்கு ஒத்து வராது. அது 6 இன்ச் கிரவுன், உங்களுது 7 இன்ச். 1.6 கார்ல 7 இன்ச் போடறவங்க டிஃப்போட சேர்த்து ஆக்ஸில், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாத்தையும் 1.8-லேர்ந்து எடுக்கணும். நீங்க 1.8-லேர்ந்து 1.8-க்கு மாத்துறதால அந்தத் தலைவலி இல்லை.

---

வளைவுநேரம்:

இருவருக்கும் நன்றி. 4.778 போச்சு. லாகர் போட்டுப் பார்க்கிறேன். 4.30 டிஃப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் சீசனுக்கு மட்டும் மாற்றும் யோசனை இருக்கிறது. கழற்றி மாட்டும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா? கியர் பெட்டியையும் டிஃப்பையும் இணைக்கும் பிபிஎஃப் சட்டகம் பற்றி நிறைய பேர் பயமுறுத்துகிறார்கள்.

---

ஷிம்தட்டு:

பிபிஎஃப் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, ஆனா அளந்துட்டுத் தொடணும். கியர் பெட்டியோட வாலையும் டிஃப்போட மூக்கையும் இணைக்கிற நீள அலுமினியச் சட்டம் அது. மியாட்டாவுல கியர் பெட்டிக்குத் தனி கிராஸ்மெம்பர் கிடையாது, அந்த வால் இந்தச் சட்டத்துலதான் தொங்குது. அதனால பிபிஎஃப் போல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி கியர் பெட்டிக்கு அடியில ஜாக்கி கொடுத்தே ஆகணும். இல்லேன்னா வால் இறங்கி எஞ்சின் பின்பக்கம் சாய்ஞ்சிடும், மேல இருக்கிற ஹோஸ் எல்லாம் இழுபடும்.

வரிசை இதுதான். முந்தின நாள் ராத்திரியே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்குற ஆயில் அடிச்சு வைங்க, குளிர்காலத்துல ரோட்டுல உப்புப் போடுற ஊர் காருக்கு இது கட்டாயம். காரின் நாலு மூலையும் ஸ்டாண்டுல, சமமா. முதல்ல டிஃப்போட ஃபில் போல்ட்டை இளக்கிப் பாருங்க. அது வரலேன்னா ஆயிலை வடிக்காதீங்க, வடிச்சுட்டு ஊத்த வழியில்லாம நிக்கணும். ஃபில் இளகின பிறகு ட்ரெயின்.

சைலன்சரும் நடுக் குழாயும் கழட்டினா இடம் கிடைக்கும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஃப்ளாஞ்சும் டிஃப் ஃப்ளாஞ்சும் சேர்ற இடத்துல பெயின்ட்ல ஒரு கோடு போட்டுட்டு நாலு நட்டையும் எடுங்க. முன்பக்கம் ஷாஃப்ட் கியர் பெட்டிக்குள்ள இருந்து வெளிய வந்தா அங்கேர்ந்து கியர் ஆயில் ஒழுகும், ஒரு மூடியோ கவரோ கட்டிவிடுங்க. பிபிஎஃப் மேல ஒயர் கிளிப் இருக்கும், அதை உடைக்காம எடுங்க.

இப்ப முக்கியமான வேலை: பிபிஎஃப்போட அடிப்பக்கத்துக்கும் பாடியில ஒரு நிலையான இடத்துக்கும் எத்தனை மி.மீ.ன்னு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு அளந்து எழுதி வைங்க. மாட்டும்போது அதே அளவுக்கு ஜாக்கியில தூக்கி வெச்சுட்டுத்தான் போல்ட்டை இறுக்கணும். தொங்கவிட்டு இறுக்கினா ஷாஃப்ட் கோணம் மாறி 90–100-ல ஒரு அதிர்வு வரும். டிஃப்பைக் குத்தம் சொல்லுவீங்க, குத்தம் பிபிஎஃப்ல இருக்கும். டிஃப் பக்க போல்ட்டுக்கு டார்க் 104 முதல் 123 நியூட்டன் மீட்டர். அங்க உள்ள ஸ்லீவ் துருவுல பிடிச்சிருக்கும், பொறுமையா தட்டி இறக்கணும். அலுமினியத்தைச் சுத்தியலால அடிக்காதீங்க.

ஆக்ஸில் எடுக்க, பின்சக்கர அப்ரைட்டோட (ஹப்பைத் தாங்குற பாகம்) நீள போல்ட்டைக் கழட்டி ஹப்பை வெளிப்பக்கம் சாய்ச்சா ஜாயிண்ட் டிஃப்லேர்ந்து வெளிய வர இடம் கிடைக்கும். ஜாயிண்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல பட்டையான லீவர் கொடுத்து ஒரு சுண்டு சுண்டினா கிளிப் விடும். ஆக்ஸிலைப் பிடிச்சு இழுக்காதீங்க, உள்ள ஜாயிண்ட் கழண்டு பூட் கிழியும். இந்த நீள போல்ட்தான் உப்புப் போடுற ஊர்ல ஒரு நாளை முழுங்குற போல்ட். புஷ்ஷோட உலோகக் குழாயோட ஒட்டிப் போயிருக்கும். வரலேன்னா வெட்டி எடுத்துப் புதுசு போட வேண்டி வரும், அதனால ஒரு செட் போல்ட்டை முன்கூட்டியே வாங்கி வைங்க.

கடைசியா டிஃப்போட இரண்டு காதுலயும் உள்ள மவுண்ட் நட். ஒரு ஆள் மார்புல தாங்கி இறக்குற எடை இல்லை அது. ட்ரான்ஸ்மிஷன் ஜாக்கி இல்லேன்னா இரண்டு பேர் வேணும்.

மாட்டுறதுக்கு முன்னாடி, வாங்கின டிஃப் வெளியில இருக்கும்போதே இரண்டு பக்க ஆயில் சீலும் பினியன் சீலும் புதுசா போட்டுடுங்க, ஆக்ஸில் முனை கிளிப்பும் புதுசு. ஆக்ஸிலை நுழைக்கும்போது சீலோட உதட்டுல கிரீஸ் தடவி நேரா நுழைங்க. ஸ்ப்ளைன் பல்லு ரப்பரை ஒரு கீறல் கீறினா போதும், ஒரு வாரத்துல ஹவுசிங் நனைஞ்சிடும். கிளிப் உக்கார்ந்தா ஒரு சத்தம் கேக்கும், அதுக்கப்புறம் கையால இழுத்தா வரக் கூடாது.

ஆயில் ஜிஎல்-5 (கியர் ஆயிலோட தரக் குறியீடு), 75டபிள்யூ-90. 7 இன்ச் டிஃப்புக்கு 1 லிட்டர், ஃபில் துளையோட கீழ் விளிம்பு வரை. 6 இன்ச்சுக்கு 0.65 லிட்டர். டார்சனுக்குக் கிளட்ச் தட்டு கிடையாது, அதனால ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் தேவையில்லை. மிச்சமான ஜிஎல்-5-ஐக் கியர் பெட்டியில ஊத்தாதீங்க. அதுல இருக்கிற சேர்க்கை பித்தளைச் சின்க்ரோ வளையத்துக்கு ஆகாது, பெட்டிக்கு ஜிஎல்-4.

ஸ்பீடோமீட்டர்: உங்க காருக்கு வேகம் எடுக்கிறது கியர் பெட்டி வாலுலேர்ந்து, கேபிள் வழியா. டிஃப் மாறினா அதே வேகத்துக்கு ஷாஃப்ட் கூடுதலா சுத்தும். 4.30 போட்டா மீட்டர் 4.9 சதவீதம் கூடுதலா காட்டும், 100-ல போகும்போது 105 காட்டும், ஓடின கிலோமீட்டரும் அதே அளவு கூடிப் பதியும். கியர் பெட்டி பக்கவாட்டுல ஒரே போல்ட்டுல நிக்கிற சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கு, அதுல ஒரு பல் கூடுதலா உள்ளதைப் போட்டா சரியாகிடும். ஓ-ரிங்கையும் மாத்துங்க.

---

தெற்குக்காற்று:

இதே இழையில் ஒரு கேள்வி சேர்க்கிறேன். கார் என்பி, 6 கியர், 3.909 டிஃப், டயர் அதே 195/50 ஆர்15. எல்லோரும் 4.30 போடு என்கிறார்கள். 6 கியர் பெட்டிக்கும் அதே கணக்கா?

---

இரண்டாம்கியர்:

சூத்திரம் அதேதான், விடை தலைகீழாக வரும். உங்கள் பெட்டியின் ரேஷியோக்கள் 3.760, 2.269, 1.645, 1.257, 1.000, 0.843. கீழ்க் கியர்கள் எல்லாம் 5 கியர் பெட்டியைவிட நெருக்கமும் இழுவையும் கூடியவை. 3.909-லேயே இரண்டாவது கியர் 7,000-ல் 84 கி.மீ.தான். 4.30 போட்டால் 76. முதல் கியர் 46-ல் முடிந்துவிடும், கிளம்பி ஒரு சந்திப்பைக் கடக்கும் முன்னால் இரண்டாவது போட்டாக வேண்டும். ஆட்டோகிராஸுக்கு இதைப்போல் பொருந்தாத இணை கிடையாது.

மாறாக 3.636 போட்டுப் பாருங்கள். முதல் கியர் 54, இரண்டாவது 90. 5 கியர் பெட்டியில் 4.30 போட்டவருக்கு முதல் கியர் 55, இரண்டாவது 92. கீழே இரண்டு கார்களும் ஏறக்குறைய ஒரே கார். மேலே பாருங்கள்: 100 கி.மீ.யில் அவர் 3,300-ல் ஓட, நீங்கள் ஆறாவதில் 2,890-ல் ஓடுவீர்கள். இழுவையும் இருக்கிறது, ஹைவேயில் அமைதியும் இருக்கிறது. 6 கியர் பெட்டியோடு 3.636 இணைவது எனக்குப் பிடித்த அமைப்பு. டர்போ போட்ட காரில் இன்னும் பொருத்தம், ஏனென்றால் பூஸ்ட் எழும்ப ஒவ்வொரு கியரிலும் கொஞ்சம் நேரம் வேண்டும்.

வளைவுகள் நீண்ட சர்க்யூட் பந்தயத்துக்கு மட்டும் 3.909-ஐயே வைத்துக்கொள்ளலாம். அங்கே மூன்று, நான்கு, ஐந்தாவது கியர்கள்தான் உழைக்கும்: 116, 151, 190. உங்கள் சர்க்யூட்டில் அதிகம் நேரம் எடுக்கும் வளைவிலிருந்து வெளியேறும் வேகம் இந்த மூன்றில் எதற்குச் சற்று மேலே விழுகிறதோ, அங்கே ஒரு கியர் கூடுதலாகப் போட வேண்டி வரும். வளைவு நடுவே, கார் சாய்ந்து நிற்கும் நேரத்தில் கியர் மாற்ற வேண்டிய ரேஷியோ கெட்ட ரேஷியோ, அதன் எண் என்னவாக இருந்தாலும்.

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம் என்பதற்குப் புதிய என்டி (நான்காம் தலைமுறை மியாட்டா) மாடலே உதாரணம். அதன் 6 கியர் காருக்கு டிஃப் 2.866. கேட்டவுடன் சோம்பேறி ரேஷியோ என்று தோன்றும். ஆனால் அதன் முதல் கியர் 5.087, ஆறாவதுதான் 1.000. பெருக்கிப் பார்த்தால் முதல் கியரின் மொத்தம் 14.58. உங்கள் என்பியில் 3.760 × 3.909 = 14.70. ஏறத்தாழ சமம். கியரையும் டிஃப்பையும் பெருக்கி வருவதோடுதான் வண்டி ஓடுகிறது.

---

பினியன்ஆழம்:

செட்டாகவே போட நினைக்கிறவர்கள் இந்த இழையைப் பின்னால் தேடி வருவார்கள், அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றின் கிரவுனை இன்னொன்றின் பினியனோடு போட்டால் முதல் கிலோமீட்டரிலிருந்தே கூவும். இந்தப் பல் எண்ணிக்கைகள் எதற்கும் பொது வகு எண் இல்லை என்பதைக் கவனியுங்கள்: 43-ம் 10-ம், 41-ம் 10-ம், 40-ம் 11-ம். அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்திக்கும், தேய்மானம் பரவலாக இருக்கும். 4.778-ல் பினியனுக்கு 9 பல் மட்டுமே, பினியன் தலை சிறுத்துவிடும். டார்க் கூடிய எஞ்சினுக்கு அது பலவீனமான பக்கம்.

பொருத்தும்போது வரிசை மாறக் கூடாது: பினியன் ஆழம், பினியன் பேரிங் ப்ரீலோட் (பேரிங்குக்குக் கொடுக்கும் முன்னிறுக்கம்), பேக்லாஷ், பிறகு பதிவு (பற்கள் ஒன்றையொன்று தொடும் தடம்) பார்ப்பது. ஆழத்தைப் பினியன் தலைக்கும் அதன் பேரிங்குக்கும் நடுவிலுள்ள ஷிம் தீர்மானிக்கும். பழைய ஷிம்மின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து அதிலிருந்தே தொடங்குங்கள். பினியன் பேரிங்கை ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸில் கழற்றி மாட்டுவது அலுப்பு. பழைய பேரிங் ஒன்றின் உள்வளையத்தைக் கொஞ்சம் தேய்த்துக் கையால் நுழையும்படி செய்து, சோதனைக்கு அதை வைத்துக்கொண்டால் பாதி நாள் மிச்சம்.

பினியன் பேரிங்குகளுக்கு நடுவிலுள்ள நசுங்கும் ஸ்லீவை எப்போதும் புதிதாகப் போடுங்கள். நட்டை இறுக்க இறுக்க ஸ்லீவ் நசுங்கி ப்ரீலோட் ஏறும். முதலில் வெகுநேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், பிறகு திடீரென்று ஏறிவிடும். அந்த இடத்தில் நட்டைக் கால் அங்குலம்கூட அல்ல, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பலுக்கும் பினியனைச் சுற்றி அளக்க வேண்டும். அளவு தாண்டிவிட்டால் நட்டை இளக்கிச் சரிசெய்ய முடியாது. நசுங்கின ஸ்லீவ் நிமிராது, பேரிங் தளர்ந்துதான் போகும். கழற்றுங்கள், இன்னொரு புதிய ஸ்லீவ் போடுங்கள். வேலை தொடங்கும்போதே இரண்டு ஸ்லீவ் கையில் இருக்கட்டும்.

பேக்லாஷ் இந்த டிஃப்பில் 0.09 முதல் 0.11 மி.மீ. இரண்டு பக்கமும் உள்ள திருகு வளையங்களால் கிரவுனை நகர்த்தலாம். ஒரு பக்கம் எத்தனை பல் இளக்குகிறீர்களோ, மறுபக்கம் அத்தனை பல் இறுக்கினால் பக்கப் பேரிங்கின் இறுக்கம் மாறாமல் இருக்கும். டயல் கேஜின் முனையைப் பல்லின் வெளிநுனியில், பல்லுக்குச் செங்குத்தாக வையுங்கள். கிரவுனைச் சுற்றி நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 0.09, எதிரில் 0.16 என்று வந்தால் கிரவுன் சரியாக உட்காரவில்லை, பெரும்பாலும் அடியில் ஒரு துளி பிசிறோ பழைய திரெட்லாக்கின் கட்டியோ இருக்கும்.

பிறகு ஆறேழு பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கிரவுனைக் கையால் கொஞ்சம் தடுத்துக்கொண்டு பினியனைச் சுற்றுங்கள். பதிவு பல்லின் உச்சியோரம் ஏறியிருந்தால் பினியன் வெளியே நிற்கிறது, தடித்த ஷிம் போட வேண்டும். பல்லின் அடிப்பள்ளத்தில் இறங்கியிருந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது, மெல்லிய ஷிம். ஷிம் மாற்றிய ஒவ்வொரு முறையும் பேக்லாஷை மறுபடி எடுக்க வேண்டும். முதல் முறையே பதிவு சரியாக வருவது அபூர்வம், மூன்று நான்கு முறை கழற்றி மாட்டத் தயாராக உட்காருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது: ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மட்டும், அல்லது விட்டால் மட்டும் கூவினால் பல் பதிவில் கோளாறு. மிதித்தாலும் விட்டாலும் வேகத்தோடு ஒரே மாதிரி இரைந்தால் பேரிங். புதிய செட்டை முதலில் இருபது நிமிடம் மென்மையாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கி.மீ. வரை முரட்டுக் கிளப்பல் வேண்டாம், அங்கே ஆயிலை மாற்றிவிடுங்கள். அந்த முதல் ஆயிலில் வெள்ளித்தூள் மினுமினுப்பது இயல்பு.

---

வளைவுநேரம்:

நேற்றைய ஆட்டோகிராஸில் லாகர் போட்டேன். ஐந்து ஓட்டங்கள். அதிகபட்சம் 94, ஓட்டத்துக்கு ஒரே ஒரு முறை, சுமார் ஒன்றரை வினாடி 90-க்கு மேல். 50-க்குக் கீழே மூன்று இடங்கள், மொத்தம் நான்கு வினாடிக்குக் கொஞ்சம் கூட.

---

இரண்டாம்கியர்:

அந்த நான்கு வினாடியில் 4.30 தருவது 5 சதவீத இழுவை. அந்த ஒன்றரை வினாடியில் அது கேட்பது இரண்டு கியர் மாற்றம், இறுதியில் 15 சதவீதம் குறைந்த இழுவை. 4.10 இருக்கட்டும். அந்த மூன்று வளைவுகளில் குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று லாகரில் தனியாக எடுத்துப் போடுங்கள், 43-ஆ 47-ஆ என்பது முக்கியம். டிஃப்புக்கு வைத்த பணத்தில் நல்ல டயர் வாங்கினால், விட்டத்தை 576-ஐ ஒட்டியே பார்த்து வாங்குங்கள்.

---

ஷிம்தட்டு:

அந்த 4.30 விலை சரியா இருந்தா விட்டுடாதீங்க. டார்சனோட முழு 7 இன்ச் ஹவுசிங் வர வர கிடைக்கிறது குறையுது. ட்ரெயின் காந்தத்தைப் பார்த்துட்டு வாங்கி, ஆக்ஸில் துளை இரண்டையும் மூடி, உள்ள ஆயில் ஊத்தி அலமாரியில வைங்க. ஆயில் இல்லாம சும்மா கிடந்தா பேரிங்ல துரு ஏறும், மாசத்துக்கு ஒருமுறை ஃப்ளாஞ்சை நாலு சுத்து சுத்திவிடுங்க.